கோடையா, குளிர்காலமா? வண்டலூர் கால்பந்துக்கு மழைதான் காலண்டர்!

கால்பந்து உலகில் ஒரு பழைய பட்டிமன்றம் உண்டு. லீக் போட்டிகளைக் கோடையில் நடத்துவதா, குளிர்காலத்தில் நடத்துவதா? இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி எல்லாம் ஆகஸ்ட்டில் தொடங்கி மே மாதத்தில் முடிக்கும். பனி உறையும் நார்வேயும் ஸ்வீடனும் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தோடு மூட்டை கட்டிவிடும்.

இந்தக் கேள்வியை அப்படியே தூக்கிவந்து வண்டலூரில் வைத்தால் பதில் சொல்வது கஷ்டம். இங்கே குளிர்காலம் என்று தனியாக ஒன்று எங்கே இருக்கிறது? மார்கழியில் பத்து நாள் அதிகாலையில் ஸ்வெட்டர் போடுவதோடு சரி. வெயில் ஒரு காலம், மழை ஒரு காலம், பரீட்சை ஒரு காலம். தாம்பரம் தொடங்கி பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வரை பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கு உண்மையான சீசன் இந்த மூன்றுதான். இந்த மூன்றுக்கும் இடையில் கிடைக்கிற சந்தில்தான் கால்பந்து ஆட வேண்டும்.

அந்தச் சந்து எங்கே இருக்கிறது என்று போட்டி அட்டவணை போடுகிறவர்கள் பார்ப்பதில்லை என்பதுதான் பிரச்னை.

தாம்பரத்தில் வெள்ளம், புனேயில் அரையிறுதி

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, முதல் மூன்று சீசன்களும் அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பரில் முடிந்தன. டெல்லிக்கும் மும்பைக்கும் அது அருமையான நேரம். அங்கே மழை முடிந்து வானம் தெளிந்திருக்கும். சென்னைக்கோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் இந்த மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது. தமிழ்நாட்டில் காலண்டர் வைத்திருக்கும் யாருக்கும் இது தெரியும். ஐப்பசி அடைமழை என்று பாட்டிகள் சொல்வதை வானிலை ஆய்வு மையத்தின் அட்டவணையும் சொல்கிறது.

அதன் விலை 2015-ல் தெரிந்தது. டிசம்பர் 1-ம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு கரை மீறியது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் பகுதிகளில் முதல் மாடி வரை தண்ணீர் நின்ற தெருக்கள் உண்டு. மக்கள் படகில் வெளியேறிய அந்த நாட்களில்தான் சென்னையின் எஃப்.சி அணி அரையிறுதிக்குத் தகுதி பெற்றிருந்தது.

சொந்த ஊரில் நடக்க வேண்டிய முதல் கட்ட அரையிறுதி டிசம்பர் 12-ம் தேதி புனேக்கு மாற்றப்பட்டது. கொல்கத்தா அணியை 3-0 என்று சென்னை வென்றது. ஆனால், அந்த 'ஹோம்' மேட்ச்சைப் பார்க்க நேரு ஸ்டேடியத்தின் வழக்கமான கூட்டம் இல்லை. பாலேவாடி மைதானத்தில்தான் எல்லாம் நடந்தது. பிறகு டிசம்பர் 20-ம் தேதி கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில், 2-1 என்று பின்தங்கியிருந்த சென்னை கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் கிடைத்து 3-2 என்று கோப்பையைத் தூக்கியதும், மெண்டோசாவின் அந்தக் கடைசி கோலும் இன்றும் ரசிகர்கள் பேசுகிற கதை. நகரம் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்த ஒரே நல்ல செய்தி அது.

கோப்பை வந்ததால் அட்டவணைப் பிழை மறந்துபோனது. 2017-18 முதல் சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீண்டது. பிறகு செப்டம்பர், அக்டோபர் தொடக்கம். எப்படி நகர்த்தினாலும் நம் மழைக்காலம் நடுவில்தான் இருந்தது.

பிறகு வந்தது தலைகீழ் சோதனை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புது ஒப்பந்தம் ஆகாததால் 2025 ஜூலையில் சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. சம்பளம் நின்றது, பயிற்சி நின்றது. கடைசியில் 14 அணிகளும் ஒருமுறை மட்டும் மோதிக்கொள்ளும் சுருக்கப்பட்ட லீக்காக 2026 பிப்ரவரி 14-ம் தேதி தொடங்கியது. யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவல்ல இது. வேறு வழியில்லாமல் கோடைக்குள் நுழைந்த சீசன். மழையிலிருந்து தப்பி வெயிலில் விழுந்த கதை.

கிரிக்கெட்டுக்கு ஒதுங்கிய கால்பந்து

கால்பந்தை ஏன் குளிர்காலத்தில் ஆட ஆரம்பித்தார்கள்? உடலுக்கு நல்லது என்பதற்காக மட்டுமல்ல. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கோடை கிரிக்கெட்டுக்குச் சொந்தம். மைதானமும் அவர்களுடையது. கிரிக்கெட் முடிந்ததும் வீரர்கள் கலைந்துபோகாமல் இருக்க ஒரு குளிர்கால விளையாட்டு தேவைப்பட்டது. ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப் 1867-ல் அப்படித்தான் ஒரு கிரிக்கெட் கிளப்பின் கிளையாகப் பிறந்தது. 1888 செப்டம்பரில் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியதும் அந்த வழக்கத்திலேதான். உலகம் முழுவதும் இன்று 'முறையான சீசன்' என்று மதிக்கப்படுவது, இங்கிலாந்தின் மைதானப் பங்கீட்டிலிருந்து வந்த ஒரு பழக்கம்.

கிரிக்கெட்டுக்கு ஒதுங்கிப்போவது நம் பிள்ளைகளுக்கும் புதிதல்ல. ஒரே கிரவுண்டில் நாலு கிரிக்கெட் மேட்ச் நடந்துகொண்டிருக்க, கார்னர் கொடியை எங்கே நடுவது என்று தெரியாமல் நிற்பது இங்கே அன்றாடக் காட்சி.

சென்னையின் மழையை நன்றாகப் புரிந்துவைத்திருந்ததும் கிரிக்கெட்தான் என்பது வேடிக்கை. சேப்பாக்கம் டெஸ்ட் பல காலம் 'பொங்கல் டெஸ்ட்' ஆக இருந்தது சும்மா இல்லை. மழை ஓய்ந்து, மண் இறுகி, வெயில் ஏறாத ஜனவரி அது. தப்பித் தவறி டிசம்பரில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 சாட்சி. டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டது. நான்கே நாளில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட். ஈரமான பிட்ச்சை உலர்த்த, தட்டுகளில் நெருப்புத் துண்டங்களைப் பரப்பிக் காய வைத்தார்கள். மேட்ச் நடந்தது, கருண் நாயர் முச்சதம் அடித்தார். அதே வர்தாவில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, பூங்காவையே மூட வேண்டியதாயிற்று. பணக்கார விளையாட்டு கரி அடுப்பு வைத்து மைதானத்தைக் காய வைத்துக்கொள்ளும். ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்துக்கு யார் அடுப்பு வைப்பது?

ஜப்பானும் அமெரிக்காவும் மாறுகின்றன

உலக அளவில் இப்போது காற்று குளிர்கால அட்டவணை பக்கம் வீசுகிறது. 1993-ல் தொடங்கியதிலிருந்து வசந்தம் முதல் குளிர்கால ஆரம்பம் வரை ஆடிவந்த ஜப்பானின் ஜே லீக், 2026 ஆகஸ்ட் முதல் ஐரோப்பிய பாணிக்கு மாற முடிவெடுத்தது. அமெரிக்காவின் எம்.எல்.எஸ் லீக்கும் 2027 முதல் ஜூலையில் தொடங்கி மே மாதம் முடிக்கப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2023-லேயே மாறிவிட்டது.

காரணங்களில் பணமும் இருக்கிறது, உடலும் இருக்கிறது. வீரர்களை வாங்கி விற்கும் காலம் ஐரோப்பாவோடு ஒத்துப்போக வேண்டும். இன்னொரு பக்கம், ஜப்பானின் கோடை வெப்பம் ஏறிக்கொண்டே போவதால் வீரர்களின் ஓட்டம் குறைகிறது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்றும் இல்லை. பனி கொட்டும் நீகாட்டா நகரத்தின் கிளப் எதிர்த்தது. அவர்களுக்காகத்தான் டிசம்பர் மத்தியிலிருந்து பிப்ரவரி மத்தி வரை இடைவேளை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவும் அப்படியே: டிசம்பர் மத்தியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை மேட்ச் கிடையாது.

நமக்குப் பயன்படும் செய்தி இந்த இடைவேளையில்தான் இருக்கிறது. ஒரு சீசன் என்றால் ஒரே மூச்சில் ஓட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஜெர்மனி பல பத்தாண்டுகளாகக் குளிர்கால விடுமுறை விட்டுத்தான் லீக் நடத்துகிறது. பனிக்கு விடுமுறை விடலாம் என்றால் மழைக்கு ஏன் விடக்கூடாது?

இந்தியாவுக்குள்ளேயே இதற்கு முன்னோடிகள் உண்டு. கொல்கத்தா லீக் 1898 முதல் நடக்கிறது. அது நல்ல மழைக்காலத்தில், ஜூன் ஜூலைச் சேற்றில் ஆடுகிற ஆட்டம். 1911-ல் மோகன் பகான் வெறுங்காலோடு ஆங்கிலேய ராணுவ அணியைத் தோற்கடித்த நாள் ஜூலை 29. கேரளாவின் மலபாரில் 'செவன்ஸ்' கால்பந்து அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு களைகட்டும். அடுத்த தென்மேற்குப் பருவமழை வரும் முன் முடியும். அங்கங்கே மண்ணும் மழையும் சொன்னபடி ஆட்டம் வளர்ந்திருக்கிறது. காஷ்மீரில் ஜனவரி பனி, டெல்லியில் நவம்பர் புகை, சென்னையில் நவம்பர் வெள்ளம். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே அட்டவணை போட்டால், யாராவது ஒருவர் நீந்தித்தான் ஆக வேண்டும்.

மாதம் மாதமாக வண்டலூர்

தேசிய லீக்கை விடுங்கள். அவர்களுக்கு விமானமும், ஃபிளட்லைட்டும், மாற்று மைதானமும் இருக்கின்றன. இந்தப் பக்கத்துப் பள்ளி மாணவர்களுக்கும், சின்ன அகாடமிகளில் பயிற்சி பெறுபவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை அணிகளுக்கும் ஓர் ஆண்டு எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும். கத்திரி முடிந்தும் வெயில் போகாத மாதம். ஜூலையில் கொஞ்சம் இறங்கும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றும் சென்னைப் புறநகருக்கு ஒரு வினோதமான காலம். பகலில் புழுக்கம், மாலையில் திடீரென்று இடியுடன் மழை, மறுநாள் காலை ஒன்றுமே நடக்காததுபோல் வெயில். மண் தண்ணீரைக் குடித்துவிடும். ஏரிகள் நிரம்பாததால் தேங்குவதும் குறைவு. ஆக, காலை நேரத்து ஆட்டத்துக்கு இது மோசமில்லை.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அக்டோபர் பாதியைத் தாண்டினால் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. அதற்கு முன்னாலும் சில ஆண்டுகளில் வந்துவிடும். 2024-ல் அக்டோபர் 15-ம் தேதியே கனமழை எச்சரிக்கையால் சென்னை, செங்கல்பட்டு உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள்.

நவம்பர், டிசம்பர் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கத்து நிலம் ஏரிகளின் சங்கிலி. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து உபரி நீரெல்லாம் வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக அடையாறுக்குப் போக வேண்டும். போகிற வழியில் இருக்கும் காலி மனைகள்தான் பல பிள்ளைகளின் கிரவுண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது, பெருங்களத்தூரை அடுத்த நெடுங்குன்றம் சாலையில் ஒரு முதலை இரவில் ரோட்டைக் கடந்துபோன வீடியோவை நாடே பார்த்தது. முதலை நடைப்பயிற்சி போகும் மாதத்தில் கால்பந்துப் பயிற்சி வைப்பது அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை.

சிரிப்பதற்கு மட்டுமல்ல இது. தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு ஆடினால் எலிக்காய்ச்சல் வரலாம். காலில் சிராய்ப்பு இருந்தால் ஆபத்து கூடுதல். சேற்றுக்குள் கண்ணாடித் துண்டு இருக்கிறதா, ஆணி இருக்கிறதா என்பது மிதித்தால்தான் தெரியும். வழுக்கும் மண்ணில் முழங்கால் திரும்பினால் ஒரு வருடம் போய்விடும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் சேர்ந்துகொள்கிறது.

பொங்கல் முடிந்த பிறகு வருவதுதான் இந்த ஊரின் பொற்காலம். ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. மண்ணில் இன்னும் ஈரப்பதம் இருக்கும், புல் பச்சையாக இருக்கும், மாலை நாலரை மணிக்கே வெயில் சாய்ந்துவிடும். ஆனால், ஆறே ஆறு வாரம்தான். மார்ச்சில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மாணவர்கள் பொதுத்தேர்வுக்குப் போய்விடுவார்கள். 17 வயதுக்குட்பட்டோர் அணியில் பாதிப் பேர் அந்த வகுப்புகளில் இருப்பவர்கள்தான்.

யானைக்கு ஷவர் உண்டு

ஏப்ரல், மே. பள்ளி விடுமுறை. கிரவுண்டு காய்ந்திருக்கிறது. பெற்றோருக்கும் பிள்ளையை எங்காவது அனுப்பினால் போதும் என்றிருக்கும். எல்லாக் கோடைப் பயிற்சி முகாம்களும் இப்போதுதான். கோடை சீசனை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இதுவே: நேரம் இருக்கிறது, மழை இல்லை, தேர்வு இல்லை.

வெயில் இருக்கிறதே! சென்னையில் இதுவரை பதிவான அதிகபட்ச வெப்பம் 45 டிகிரி செல்சியஸ். 2003 மே 31-ம் தேதி. அது உச்சம் என்றாலும், மே மாதத்தில் 37, 38 டிகிரி என்பது சாதாரணம். நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கத்தில் சூடு கூடுதலாகப் பதிவாவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கடலிலிருந்து தள்ளிப்போகப் போக, கடற்காற்று வந்து சேர நேரமாகும். வண்டலூர் இன்னும் உள்ளே இருக்கிறது.

வண்டலூர் பூங்காவில் ஒவ்வொரு கோடையிலும் யானைகளுக்கு ஷவர், கூண்டுகளில் தண்ணீர்த் தெளிப்பான், குரங்குகளுக்கும் கரடிகளுக்கும் தர்பூசணி என்று ஏற்பாடுகள் நடப்பது வழக்கம். பூங்காவைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போனால், பத்து வயதுப் பிள்ளைகள் காலை ஒன்பதரை மணி வெயிலில் கோன் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கென்று எழுதிவைத்த கோடை விதிமுறை எதுவும் இல்லை.

சர்வதேசக் கால்பந்தில் விதிமுறை இருக்கிறது. வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் ஈரப்பதம், நேரடி வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து ஓர் அளவு எடுப்பார்கள். அது 32 டிகிரியைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தி வீரர்களைக் குளிர்விக்க இடைவேளை தரவேண்டும் என்பது ஃபிஃபாவின் வழிகாட்டுதல். 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்து - மெக்சிகோ ஆட்டத்தில் அப்படி ஒரு இடைவேளை விட்டார்கள். 2022 உலகக் கோப்பையையே கத்தாரின் கோடைக்குப் பயந்து நவம்பர் - டிசம்பருக்குத் தள்ளினார்கள். 2026 உலகக் கோப்பையில் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடத் தண்ணீர் இடைவேளை என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். கோடிகளில் சம்பளம் வாங்கும் வீரர்களுக்கே இவ்வளவு. குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடாகும். தலைவலி, குமட்டல், வியர்வை நின்று தோல் காய்ந்துபோவது, பேச்சு குழறுவது இவற்றில் எது தெரிந்தாலும் ஆட்டத்தை நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி, மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். 'கொஞ்சம் உட்கார்ந்துட்டு வா' என்று சொல்லும் விஷயமல்ல.

அப்படியென்றால் இரவில் ஆடலாமே? வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையிலும் தாம்பரத்தைச் சுற்றியும் வாடகை டர்ஃப்கள் முளைத்திருப்பதன் காரணம் அதுதான். வேலை முடிந்து வரும் இளைஞர்கள் இரவு ஒன்பது மணிக்கு மணிக்கணக்கு வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால், ஒரு மாணவர் லீக்கை அதில் நடத்த முடியாது. முதல் காரணம் வாடகை. இரண்டாவது, பகலெல்லாம் வெயில் குடித்த செயற்கைப் புல் மாலையிலும் சூட்டைக் கக்கும். மூன்றாவது காரணம்தான் முக்கியம்: ராத்திரி ஆட்டம் என்றதும் முதலில் வீட்டில் நிறுத்தப்படுவது பெண் பிள்ளைகள். இந்துமதி கதிரேசன் கடலூரிலிருந்து கிளம்பி இந்திய அணிக்குப் போனார். மதுரையின் சேது எஃப்.சி 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. அடுத்த ஒருவர் கூடுவாஞ்சேரியிலிருந்து வர வேண்டும் என்றால், அவருடைய மேட்ச் பகல் வெளிச்சத்தில் முடிந்து, வெளிச்சத்திலேயே அவர் ரயில் ஏற வேண்டும்.

தேதி நிலையாக இல்லை என்றால்...

கோடையா குளிர்காலமா என்பதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. தேதியே நிலையாக இல்லை. சந்தோஷ் டிராஃபியை எடுத்துக்கொள்ளுங்கள். மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டி. 2022-ல் இறுதிச் சுற்று ஏப்ரல் - மே மாதம் மலப்புரத்தில். 2024-ல் ஒரு சீசனின் இறுதிச் சுற்று பிப்ரவரி - மார்ச்சில் அருணாச்சலப் பிரதேசத்தில். அடுத்த சீசனுடையது அதே ஆண்டு டிசம்பரில் ஹைதராபாத்தில். தமிழ்நாட்டில் முதலமைச்சர் கோப்பையின் மாநிலப் போட்டிகள் 2023-ல் ஜூலையில் நடந்தன, 2024-ல் அக்டோபரில்.

ஒவ்வொன்றுக்கும் நிர்வாகக் காரணம் இருக்கும். ஆனால், ஒரு 15 வயதுப் பிள்ளைக்கு இதன் அர்த்தம் வேறு. வயதுப் பிரிவுக்கு ஒரு வெட்டுத் தேதி உண்டு. போட்டி நாலு மாதம் தள்ளிப்போனால் அந்தப் பிரிவில் ஆடும் வாய்ப்பே போகலாம். போட்டியில் ஆடினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு இடம், பிறகு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு. மழையில் ரத்தாகி மறுபடி நடக்காமலே போன ஒரு காலிறுதி, ஒரு குடும்பத்தின் கணக்கையே மாற்றிவிடும். வியாசர்பாடியிலிருந்து நந்தகுமார் சேகரும் தன்பால் கணேஷும் மேலே வந்தார்கள் என்று பெருமைப்படுகிறோம். அங்கே தெருவிலேயே ஆட்டம் தொடர்ந்து நடந்தது என்பதை மறந்துவிடுகிறோம். தென்புறநகரில் தெருக்கள் இல்லை, ஜி.எஸ்.டி சாலைதான் இருக்கிறது.

இரண்டு பாதி, நடுவில் மழை விடுமுறை

ஆகவே இந்தப் பகுதிக்கு ஏற்ற விடை கோடையும் இல்லை, குளிர்காலமும் இல்லை. சீசனை இரண்டாக வெட்டுவது. ஜூலை முதல் வாரம் தொடங்கி அக்டோபர் 15-க்குள் முதல் பாதி. பிறகு மழை விடுமுறை. பொங்கல் முடிந்த வார இறுதியில் தொடங்கி பிப்ரவரி கடைசியோடு இரண்டாம் பாதி. மார்ச் முதல் ஜூன் வரை லீக் கிடையாது. முகாம் வேண்டுமானால் காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடியட்டும்.

கணக்குப் போட்டால் இது சரியாக வருகிறது. ஜூலை முதல் அக்டோபர் பாதி வரை ஏறக்குறைய 15 வார இறுதிகள். காலாண்டுத் தேர்வுக்கு இரண்டைக் கழித்தால் 13. பொங்கலுக்குப் பிறகு ஆறு. மொத்தம் 19. பத்து அணிகள் இரண்டு முறை மோதும் ஒரு முழு லீக்குக்குத் தேவை 18 வாரங்கள். மழையால் ஒரு மேட்ச் தள்ளிப்போனாலும் நடுவில் ஒரு விடுமுறை நாளில் நடத்திவிடலாம். இப்போது பல இடங்களில் நடப்பது நான்கு நாள் நாக்அவுட். முதல் மேட்ச்சில் தோற்றால் அடுத்த ஆண்டு பார்க்கலாம். அதில் எந்தப் பிள்ளையும் ஆட்டம் கற்றுக்கொள்ள முடியாது.

முதல் பாதியின் ஆபத்து இடி, மின்னல். ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் திறந்த வெளியில் 22 பேர் நிற்பது விளையாட்டல்ல. மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் மைதானத்தைக் காலி செய்ய வேண்டும். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் திரும்பக் கூடாது. நடுவருக்கு இதை அட்டவணையோடு சேர்த்து எழுதிக் கொடுத்துவிடலாம். காலை ஆறரை மணி மேட்ச் என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

மறுப்புகள் வரும். தேசிய அட்டவணையோடு ஒத்துப்போகாதே என்பார்கள். ஒத்துப்போக வேண்டிய அவசியம் மாநில அணிக்குத்தான். மாவட்ட லீக்குக்கு அல்ல. மழை விடுமுறையில் பிள்ளைகள் உடல் தளர்ந்துவிடுவார்கள் என்பார்கள். பள்ளி வராண்டா, கூரை போட்ட கூடம், ஃபுட்சால் பந்து இருந்தால் மூன்று மாதத்தில் பந்துக் கட்டுப்பாடு கூடுமே தவிரக் குறையாது. மைதானம் யார் தருவார்கள் என்பது நியாயமான கேள்வி. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தாம்பரத்தில் சென்னை கிறித்துவக் கல்லூரி, வண்டலூரில் கிரசென்ட் பல்கலைக்கழகம், வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை நெடுகப் பொறியியல் கல்லூரிகள். சனி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் இவற்றில் நாலு இடத்தைக் கேட்டுப் பெறுவது, புதிதாக ஸ்டேடியம் கட்டுவதைவிட நிச்சயம் சுலபம்.

பள்ளிக் கல்வித் துறையின் குறுவட்ட, மாவட்டப் போட்டிகளை எப்போது வைப்பது என்பது மட்டும் இழுபறியாக நிற்கும். காலாண்டு விடுமுறை முடிவதற்கும் பருவமழை தொடங்குவதற்கும் இடையில் சுமார் இரண்டு வாரம் கிடைக்கிறது. மாவட்ட இறுதிப் போட்டிக்கு அதுதான் கடைசி நாள் என்று ஜூன் மாதமே சுற்றறிக்கை போனால், உடற்கல்வி ஆசிரியர்கள் ஜூலையிலேயே அணியைத் தேர்வு செய்துவிடுவார்கள். மாநிலப் போட்டி பொங்கலுக்குப் பிறகு நடக்கட்டும்.